இனச் சமநீதி கிராண்ட்: வகுப்பு நடத்த என்று கேட்காதீர்கள்

கேள்வி கேட்டவர் கலிபோர்னியாவில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் சேவைப் பிரிவைக் கவனிப்பவர். அவர் ஊர்க் கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரியான உள்ளாட்சி) ஓர் அறக்கட்டளையும் சேர்ந்து "இனச் சமநீதி, பொருளாதார நலம்" என்ற பெயரில் உள்ளூர் அமைப்புகளுக்கு கிராண்ட், அதாவது திருப்பிக் கட்டத் தேவையில்லாத நிதியுதவி, தரப்போகின்றனவாம். "இது என்ன பணம்? இனம் பார்த்து ஏன் கொடுக்கிறார்கள்? எங்கள் சங்கத்தில் கணக்கு தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஏழைக் குடும்பங்களுக்கு பட்ஜெட் போடுவது, சேமிப்பது பற்றி வகுப்பு எடுக்கலாம் என்று நினைக்கிறோம், விண்ணப்பிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

விண்ணப்பிக்கலாம், தமிழ்ச் சங்கம் என்பதற்காக யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் வகுப்பு எடுக்க என்று விண்ணப்பிக்காதீர்கள். இதைச் சொல்வதற்கு எனக்கு இரண்டு அனுபவங்கள் இருக்கின்றன. எட்டு வருடமாக வரிக்காலத்தில் இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தரும் மேசையில் தன்னார்வலராக உட்காருகிறேன். இது போன்ற கிராண்ட் விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் குழுவில் மூன்று முறை இருந்திருக்கிறேன். இரண்டிலும் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்றுதான்: இந்த மக்கள் சேமிக்கத் தெரியாமல் ஏழையாகவில்லை. சேமித்தார்கள். சேமித்தது போனது, அல்லது அவர்கள் சேமித்தது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

முதலில் கொஞ்சம் வரலாறு, அது இல்லாமல் "இனம் பார்த்து ஏன்" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

1865 மார்ச் 3 அன்று, சுடப்படுவதற்கு ஆறு வாரம் முன்பு, லிங்கன் ஒரு வங்கிக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். ஃப்ரீட்மன்ஸ் சேவிங்ஸ் பேங்க். விடுதலையான அடிமைகளுக்காகவும் கறுப்பினப் போர்வீரர்களுக்காகவும் தொடங்கிய வங்கி. ஐந்து சென்ட் இருந்தாலே கணக்கில் போடலாம். துணி துவைத்தவர்கள், பருத்திக்காட்டில் கூலி வேலை செய்தவர்கள், தேவாலயச் சங்கங்கள் எல்லாம் போட்டார்கள். அதுவரை இன்னொருவரின் சொத்தாக இருந்தவர்கள் தங்கள் பெயரில் பாஸ்புக் வைத்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் அந்தப் பணத்தை அரசுப் பத்திரங்களில் மட்டும்தான் போட முடியும். 1870இல் சட்டத்தைத் திருத்தி, நிலம், கட்டடம் மேல் கடன் கொடுக்கலாம் என்று ஆக்கினார்கள். வங்கியின் நிதிக் குழுவுக்குத் தலைவராக இருந்த ஹென்றி குக், அன்றைய பெரிய முதலீட்டாளர் ஜே குக்கின் தம்பி. சரியான ஈடு இல்லாமல் வேண்டியவர்களுக்கெல்லாம் கடன் போனது. 1873 நிதி நெருக்கடியில் ஜே குக்கின் நிறுவனமே விழுந்தது. 1874 மார்ச்சில், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து அதை எதிர்த்துப் பேசிப் புகழ்பெற்ற ஃபிரெடரிக் டக்ளஸைத் தலைவராகக் கொண்டுவந்தார்கள், அவர் தன் கைப்பணம் 10,000 டாலரைப் போட்டுப் பார்த்தார், பயனில்லை, ஜூனில் மூடிவிட்டார்கள். 60,000க்கும் மேற்பட்டவர்களின் கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர் சிக்கிக்கொண்டது. வைப்புக் காப்பீடு என்பதெல்லாம் 1933இல்தான் வந்தது. வாஷிங்டனில் அந்த வங்கி நின்ற இடத்தில் இப்போது நிதித்துறையின் கட்டடம் ஒன்று இருக்கிறது, 2016இல் அதற்கு அந்த வங்கியின் பெயரையே வைத்தார்கள்.

இந்தக் கதையை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், "அவர்களுக்கு வங்கி மேல் நம்பிக்கை இல்லை, நாம்தான் புரியவைக்க வேண்டும்" என்று நல்ல மனதோடு பேசுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். நம்பித்தான் போட்டார்கள்.

நிலமும் அப்படித்தான். 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் தென் கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடா கடலோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க உத்தரவிட்டார். அந்த வருடம் முடிவதற்குள் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்க வைத்தார். பிறகு 1930களில் அரசு வீட்டுக்கடன் நிறுவனம் நகரங்களுக்கு வரைபடம் போட்டது: நல்ல பகுதிக்குப் பச்சை, அடுத்தது நீலம், அதற்குக் கீழே மஞ்சள், கடன் கொடுக்க ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு. கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்கள் ஏறக்குறைய எல்லாம் சிவப்பு. இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த வீரர்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு கடன் தந்தார்கள். 1947இல் மிசிசிப்பி மாநிலத்தில் கொடுத்த 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு. இருநூறு அல்ல, இரண்டு.

அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பத்தின் உண்டியல் வீடுதான். பிள்ளையின் கல்லூரிச் செலவு, சின்னக் கடை போட முதல், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் வீட்டின் மதிப்பிலிருந்துதான் வரும், பெற்றோருக்குப் பிறகு அதுவேதான் பிள்ளைகளுக்குப் போகும். அந்த உண்டியலை இரண்டு தலைமுறைக்குக் கையில் கொடுக்காமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபெடரல் ரிசர்வ் 2022இல் எடுத்த கணக்கெடுப்பைப் பாருங்கள். வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து (பாதிக் குடும்பங்களுக்கு இதற்கு மேல், பாதிக்கு இதற்குக் கீழ்) 2,85,000 டாலர். லத்தீனோ குடும்பத்துக்குச் சுமார் 62,000. கறுப்பினக் குடும்பத்துக்குச் சுமார் 45,000. ஆறில் ஒரு பங்கு கூட இல்லை. அதே கணக்கெடுப்பில் ஆசியக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து 5,36,000 டாலர், இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உங்கள் சங்கத்தைப் பற்றிப் பேசும்போது வருகிறேன்.

இப்போது வரி மேசைக்கு வாருங்கள்.

2019 பிப்ரவரி, நூலகத்தின் பின்னறை. ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், மெக்சிகோவின் ஓஹாகா பக்கத்திலிருந்து வந்தவர். ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லாக் காகிதமும் வைத்திருந்தார். அதில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய மணி ஆர்டர் அடிக்கட்டைகள், பதினொரு வருட வாடகை, ஒரு மாதம் தவறவில்லை. கூடவே ஒரு ரசீது, சம்பளத்துக்கு முன்கடன் தரும் கடையில் வாங்கியது. கலிபோர்னியாவில் இந்தக் கடன் எப்படி என்றால், நீங்கள் 300 டாலருக்குச் செக் எழுதிக் கொடுக்க வேண்டும், சட்டம் அனுமதிக்கும் கட்டணம் 45 டாலர் வரை, கையில் வருவது 255, இரண்டு வாரத்தில் 300ஐயும் எடுத்துக்கொள்வார்கள். வருட வட்டியாகப் போட்டால் 450 சதவீதத்தைத் தாண்டும். நம் ஊர் மீட்டர் வட்டிக்காரர் கூட யோசிப்பார். ஏன் அங்கே போனீர்கள் என்று கேட்டேன். கார் பழுது, வங்கியில் கேட்டால் கிரெடிட் ஸ்கோரே இல்லை என்கிறார்கள் என்றார். வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுவாரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண் அது. குறைந்த ஸ்கோர் இல்லை, ஸ்கோரே இல்லை. வாடகையை மணி ஆர்டரில் கட்டினால் அது எந்தப் பதிவிலும் ஏறாது.

அப்புறம் பையிலிருந்து பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்தார். கட்டம் போட்டு இடப்பக்கம் பத்துப் பெயர், மேலே மாதங்கள், கட்டியவர்களுக்கு டிக், பணம் எடுத்தவர் பெயருக்கு நேரே அந்த மாதத்தில் ஒரு வட்டம். பத்துப் பேர், மாதம் ஆளுக்கு நூறு டாலர், ஒவ்வொரு மாதமும் ஒருவர் ஆயிரத்தை எடுப்பார். டாண்டா என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஏனென்றால் என் அம்மா மதுரையில் தெருப் பெண்களோடு நடத்திய குலுக்கல் சீட்டு நோட்டு அப்படியே, வட்டம் போடுவது உட்பட. ஆறு வருடமாக அவர்தான் அந்தச் சீட்டை நடத்துகிறார், ஒருவர் கூட ஏமாற்றியதில்லை என்று சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அவருக்கு நான் சேமிப்பு பற்றி என்ன வகுப்பு எடுப்பது?

இதைத்தான் சான் பிரான்சிஸ்கோவில் மிஷன் அசெட் ஃபண்ட் என்ற அமைப்பு பிடித்துக்கொண்டது. மிஷன் பகுதியில் லீவைஸ் ஜீன்ஸ் ஆலையை மூடி விற்ற பணத்தின் ஒரு பங்கு அந்தப் பகுதி மக்களுக்காகக் கிடைத்தது, அதை விதையாக வைத்து 2007இல் தொடங்கினார்கள். தொடக்கத் தலைவர் ஹோசே கினோனெஸ், பிற்பாடு 2016இல் "மேதை விருது" என்று சொல்லப்படும் மக்ஆர்தர் விருது பெற்றவர். அவர்கள் செய்தது பெரிய கண்டுபிடிப்பு இல்லை, மக்கள் ஏற்கெனவே நடத்திக்கொண்டிருந்த சீட்டைக் காகிதத்தில் ஏற்றினார்கள், அவ்வளவுதான். சீட்டில் சேரும் ஒவ்வொருவரும் வட்டியில்லாக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுகிறார். மாதத் தவணை வங்கிக் கணக்கிலிருந்து போகிறது. அந்தத் தவணை ஒவ்வொன்றும் கிரெடிட் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கப்படுகிறது. நோட்டில் இருந்த டிக், ஸ்கோராக மாறுகிறது. சேர்ந்தவர்களின் ஸ்கோர் சராசரியாக 168 புள்ளி உயர்ந்தது என்று அந்த அமைப்பு சொல்கிறது. 2014இல் கலிபோர்னியா சட்டமன்றம் லாப நோக்கற்ற அமைப்புகள் இப்படி வட்டியில்லாச் சிறுகடன் கொடுப்பதை அங்கீகரித்துத் தனிச் சட்டமே போட்டது.

இதில் கிராண்ட் பணம் எங்கே போகிறது என்று கவனியுங்கள். சீட்டில் சுற்றுவது மக்களின் சொந்தப் பணம். கிராண்ட் போவது ஊழியர் சம்பளத்துக்கும், மென்பொருளுக்கும், யாராவது கட்டாமல் போனால் மற்றவர் நஷ்டப்படாமல் ஈடுகட்டும் தொகைக்கும்தான். மக்களுக்குத் தெரியாததை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர்கள் செய்துகொண்டிருந்ததை நிதி உலகத்தின் கண்ணில் படும்படி செய்தார்கள். கரீபியத் தீவுகளிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் சூசு என்பார்கள், அதுவும் இதே சீட்டுதான்.

"பொருளாதார நலம்" என்ற சொல்லுக்கே அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2015இல் ஒரு விளக்கம் கொடுத்தது. அன்றாடச் செலவு கைக்குள் இருக்க வேண்டும், திடீர்ச் செலவைத் தாங்க முடிய வேண்டும், நினைத்த இலக்கை நோக்கிப் போய்க்கொண்டிருக்க வேண்டும், வாழ்க்கையை அனுபவிக்கும்படியான தேர்வுகள் செய்யக் கொஞ்சம் சுதந்திரம் வேண்டும். நான்கில் ஒன்று கூட "பட்ஜெட் போடத் தெரிய வேண்டும்" என்பதல்ல. பணம் கொடுக்கும் அமைப்புகள் பல இந்த விளக்கத்தைத்தான் அளவுகோலாக வைத்திருக்கின்றன, ஆனாலும் வருகிற விண்ணப்பங்களில் பெரும்பாலானவை எட்டு வார வகுப்பு, கடைசியில் சான்றிதழ் என்றே முடியும்.

கையில் பணம் கொடுத்தால் வீணாக்கிவிடுவார்கள் என்ற பயம் எப்போதும் எழும். கலிபோர்னியாவிலேயே ஸ்டாக்டன் நகரில் 2019 பிப்ரவரியிலிருந்து 24 மாதம், 125 பேருக்கு மாதம் 500 டாலர், எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்தார்கள். மேயர் மைக்கேல் டப்ஸ் முன்னின்று நடத்தினார், பணம் தனியார் நன்கொடை. இனம் பார்க்கவில்லை, நகரின் இடைநிலை வருமானத்துக்கு மேல் போகாத பகுதிகளில் குடியிருப்பவர்களாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதிகம் செலவானது சாப்பாட்டுக்கு. மதுவுக்கும் சிகரெட்டுக்கும் போனது ஒரு சதவீதத்துக்கும் கீழே. முதல் ஆண்டில் பணம் பெற்றவர்களில் முழுநேர வேலையில் இருந்தவர்கள் 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமானார்கள், பெறாத குழுவில் 32லிருந்து 37 ஆனது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நேர்காணலுக்குப் போக முடிந்தது, அதுதான் வித்தியாசம்.

சரி, இனம் பார்த்துக் கொடுப்பது பற்றி. இங்கே சட்டம் சிக்கலானது, நீங்கள் விண்ணப்பம் எழுதும்போது தெரிந்திருக்க வேண்டும்.

நம்மவர்களுக்கு ஓர் ஒப்பீடு எளிதாகப் புரியும். 1951இல் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை, சம்பகம் துரைராஜன் வழக்கில், சமத்துவத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சென்னையில் எழுந்த எதிர்ப்பும் சேர்ந்து அதே வருடம் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்தது, 15(4) பிரிவு வந்தது, பின்தங்கியவர்களுக்காகத் தனி ஏற்பாடு செய்யலாம் என்று வெளிப்படையாக எழுதிவைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் அப்படி ஒரு திருத்தம் நடக்கவே இல்லை. 1866இல், விடுதலையானவர்களும் வெள்ளையரைப் போலவே ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று உறுதிப்படுத்தப் போட்ட சிவில் உரிமைச் சட்டம் இருக்கிறதே, அதை வைத்தே அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிதியத்தை 2023 ஆகஸ்டில் வழக்குக்கு இழுத்தார்கள். அந்த நிதியம் செய்த குற்றம், கறுப்பினப் பெண்கள் நடத்தும் சிறுதொழில்களுக்கு 20,000 டாலர் கிராண்ட் போட்டி நடத்தியது. 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இரண்டுக்கு ஒன்று என்று நிதியத்துக்கு எதிராகப் போனது, செப்டம்பரில் சமரசம், அந்தப் போட்டியை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்தவர்களைக் காக்க எழுதிய சட்டம் அவர்களின் பேத்திகளுக்குப் போன பணத்தை நிறுத்துவதற்குப் பயன்பட்டதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

அதன் பிறகு 2025 ஜனவரி 20 அன்று வந்த ஜனாதிபதி உத்தரவு, "சமநீதி" தொடர்பான மத்திய அரசு கிராண்டுகளை நிறுத்தச் சொன்னது. மார்ச்சில் வந்த இன்னொரு உத்தரவு, ஏழைப் பகுதிகளின் சமூகக் கடன் நிறுவனங்களுக்குப் பணம் தரும் சிடிஎஃப்ஐ நிதியத்தையே சுருக்கச் சொன்னது. 1994இலிருந்து இருந்துவரும் அமைப்பு அது. கலிபோர்னியாவில் 1996இல் நிறைவேறிய 209ஆவது முன்மொழிவின்படி அரசு வேலை, கல்வி, ஒப்பந்தம் மூன்றிலும் இனம் பார்த்து முன்னுரிமை தரவே கூடாது. அதனால் உங்கள் கவுண்டி அறிவிப்பின் தலைப்பில் "இனச் சமநீதி" என்று இருந்தாலும், தகுதி என்ற பகுதியைப் போய்ப் படித்தால் பெரும்பாலும் இனம் இருக்காது. வருமானம், அஞ்சல் குறியீடு, வங்கிக் கணக்கு இல்லாதவர், முதல் தலைமுறை வீடு வாங்குபவர், பழைய வரைபடத்தில் சிவப்பு அடித்த பகுதியில் வாழ்பவர் என்றுதான் இருக்கும். "ஏன் இனம் பார்த்து" என்ற கேள்விக்கு ஒரு பாதிப் பதில் இது: பெயரில் இருக்கிறது, பணம் போகும் வழியில் அவ்வளவாக இல்லை.

மறு பாதி, இனத்தைச் சொல்லியே கொடுத்த ஊர்களும் உண்டு. சிகாகோவுக்கு வடக்கே எவன்ஸ்டன் நகரம், 2019இல் கஞ்சா விற்பனை வரியிலிருந்து ஒரு கோடி டாலரை ஒதுக்க முடிவு செய்தது. 1919க்கும் 1969க்கும் இடையில் அங்கே வாழ்ந்த கறுப்பினத்தவர், அவர்களின் வாரிசுகள் ஆகியோருக்கு வீடு வாங்க, அடமானம் கட்ட, பழுது பார்க்க ஆளுக்கு 25,000 டாலர். 2022 தொடக்கத்தில் முதல் 16 பேரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஆண்டுகளைக் குறிப்பிட்டதற்குக் காரணம், நகர நிர்வாகமே மண்டல விதிகளால் செய்த அநீதியின் காலம் அது என்பதுதான், பொதுவாக இனத்துக்கு அல்ல, இந்த ஊர் இவர்களுக்குச் செய்ததற்கு. ஆனால் ஒரு சிக்கலும் வந்தது. முதல் பட்டியலில் இருந்தவர்கள் முதியவர்கள், அவர்களில் சிலருக்குச் சொந்த வீடே இல்லை, வாடகையில் இருப்பவர் 25,000 டாலரை எந்த வீட்டில் போடுவார்? 2023இல் ரொக்கமாகவும் வாங்கிக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். 2024இல் இதன் மீதும் வழக்கு போட்டார்கள். அந்த ஊரைப் பார்த்து நான் எடுத்துக்கொண்டது, பணத்தை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று மேலிருந்து தீர்மானித்தால் அது எட்ட வேண்டியவருக்கே எட்டாமல் போகும் என்பது.

இனி கிராண்ட் நடைமுறை, இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம்.

அரசு கிராண்ட் பெரும்பாலும் முன்பணமாக வராது. நீங்கள் செலவழித்து, ரசீது கொடுத்து, இரண்டு மூன்று மாதம் கழித்து வாங்கிக்கொள்ள வேண்டும். கையிருப்பு உள்ள பெரிய அமைப்புக்கு இது பிரச்சினையே இல்லை. தேவாலயத்தின் அடித்தளத்தில் இயங்கும் நான்கு பேர் கொண்ட அமைப்புக்கு இரண்டு மாதச் சம்பளத்தை யார் கடன் கொடுப்பார்கள்? அதற்கு மேல் தணிக்கை அறிக்கை, காப்பீடு, 501(சி)(3) பதிவு, அதாவது வரிவிலக்குள்ள லாப நோக்கற்ற அமைப்பு என்ற பதிவு. பதிவு இல்லாதவர்கள் பதிவுள்ள ஓர் அமைப்பின் நிழலில் வரலாம், அவர்கள் குறிப்பிட்ட சதவீதம் பிடித்துக்கொண்டு கணக்கைப் பார்த்துக்கொள்வார்கள். நிர்வாகச் செலவு என்று மத்திய அரசு பொதுவாக ஒத்துக்கொள்ளும் விகிதமே நீண்ட காலம் 10 சதவீதமாக இருந்தது, 2024 அக்டோபரில்தான் 15 ஆனது. வாடகை, மின்சாரம், கணக்காளர் எல்லாம் அதற்குள்.

நான் மதிப்பெண் போட்ட ஒரு வருடத்தில் இரண்டு விண்ணப்பங்கள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று பெரிய அமைப்பு, தொழில்முறை எழுத்தாளரை வைத்து எழுதியது, அழகான வரைபடங்கள், இருநூறு பேருக்கு நிதிக் கல்வி வகுப்பு. இன்னொன்று கறுப்பினப் பெண்கள் சிலர் ஒரு தேவாலயத்தில் நடத்தும் கார் பழுதுக் கடன் நிதி. ஆளுக்கு 600 டாலர் வரை, வட்டி இல்லை, ஆறு வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, கார் ஓடினால்தான் வேலைக்குப் போக முடியும் என்பதால் யாரும் திருப்பிக் கட்டாமல் இருந்ததில்லை. எழுத்துப் பிழைகள் இருந்தன, பட்ஜெட் அட்டவணையில் ஒரு கூட்டல் தப்பாக இருந்தது. "நிர்வாகத் திறன்" என்ற தலைப்பில் இருபது மதிப்பெண், அதில் பாதி தணிக்கை அறிக்கைக்கு. நான் வாதாடினேன், விதி விதிதான் என்றார்கள், வகுப்புக்குப் பணம் போனது. அந்தத் தேவாலயப் பெண்களுக்கு ஒரு வரியில் மறுப்புக் கடிதம் போயிற்று. அடுத்த வருடம் அதே குழுவில் நாங்கள் சிலர் சண்டை போட்டு இரண்டை மாற்றினோம். சிறிய தொகைக்குத் தணிக்கை கேட்கக் கூடாது, எழுதிக் கொடுப்பதற்குப் பதில் நேரில் போய்ப் பேசியும் மதிப்பெண் போடலாம். அந்தப் பெண்கள் திரும்ப விண்ணப்பிக்கவில்லை. இரண்டு வாரம் வேலை நேரத்தைச் செலவழித்து எழுதியது, மறுபடி எங்களுக்குத் தெம்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

உங்கள் சங்கத்துக்கு வருகிறேன். ஆசியக் குடும்பங்களின் சொத்து பற்றி மேலே சொன்ன எண் நினைவிருக்கும். ஆசியர் என்பதற்குள் எத்தனையோ வேறுபாடு உண்டு, அகதியாக வந்தவர்களும் உணவகத்தின் பின்பக்கம் வேலை செய்பவர்களும் அதற்குள்தான் இருக்கிறார்கள், ஆனால் உங்கள் சங்க உறுப்பினர்களில் பெரும்பாலோர் மென்பொருள், மருத்துவம், கணக்கியல் என்றுதான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். நாம் இந்த நாட்டுக்கு இவ்வளவு பேர் வர முடிந்ததே 1965 குடியேற்றச் சட்டத்தால், அந்தச் சட்டம் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் திறந்த கதவு. அதனால் என் கருத்து வெளிப்படையானது: முதன்மை விண்ணப்பதாரராக நீங்கள் போகாதீர்கள். அந்தப் பணத்துக்கு உங்களை விட உரிமையுள்ள, உங்களை விட மக்களுக்கு நெருக்கமான அமைப்பு ஒன்று உங்கள் கவுண்டியிலேயே இருக்கும். அவர்களிடம் போய், உங்களுக்கு எது குறைகிறது என்று கேளுங்கள்.

பெரும்பாலும் குறைவது உங்களிடம் இருப்பதுதான். மாதாமாதம் கணக்கை முடித்துத் தர ஒருவர். கிராண்ட் ரசீதுகளை ஒழுங்குபடுத்த ஒருவர். அரசுப் பணம் வரும்வரை இரண்டு மாதச் செலவுக்கு வட்டியில்லாமல் முன்பணம், இதை ஒரு சங்கம் பொங்கல் விழாச் செலவிலிருந்து ஒதுக்கினால் கூட முடியும். உங்கள் உறுப்பினர்கள் வேலை செய்யும் பெரிய நிறுவனங்கள் பல, ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்குச் சமமாகத் தாங்களும் கொடுப்பார்கள், அதை அந்த அமைப்பின் பெயருக்குத் திருப்பிவிடுங்கள். கூட்டு விண்ணப்பம் என்றால், பட்ஜெட்டில் பெரும்பங்கு அவர்களுக்கு, வேலைப்பங்கு உங்களுக்கு என்று எழுதுங்கள். படிக்கிறவர்களுக்கு அது உடனே தெரியும், நான் படித்தால் அதற்குத்தான் மதிப்பெண் போடுவேன்.

கணக்கு தெரிந்தவர்கள் ஏதாவது நேரடியாகச் செய்ய ஆசைப்பட்டால் வகுப்பறைக்குப் பதில் வரி மேசைக்கு வரட்டும். வீட்டா என்று சொல்லும் இலவச வரித் திட்டத்துக்கு மத்திய வரித்துறையான ஐஆர்எஸின் பயிற்சியும் தேர்வும் உண்டு, பெரும்பாலான இடங்களில் நவம்பர், டிசம்பரிலேயே ஆள் சேர்ப்பார்கள், ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை வாரம் நான்கு மணி நேரம். சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமல் ஐஆர்எஸ் தரும் ஐடிஐஎன் என்ற வரி எண்ணில் வரி கட்டுபவர்களுக்கு மத்திய அரசின் உழைப்பு வருமானச் சலுகை கிடையாது, ஆனால் 2020ஆம் வரியாண்டிலிருந்து கலிபோர்னியாவின் சலுகை அவர்களுக்கும் உண்டு, இது தெரியாமல் விட்டவர்கள் என் மேசைக்கே நிறைய வந்திருக்கிறார்கள். 3514 என்ற படிவம், நிரப்பப் பத்து நிமிடம் ஆகும்.

சீட்டு நோட்டு வைத்திருந்த அந்தப் பெண் 2021இல் மறுபடி வந்தார். இடையில் ஒரு வட்டியில்லாச் சீட்டுக் குழுவில் சேர்ந்திருந்தார், முதல் முறையாக ஒரு ஸ்கோர் வந்திருந்தது, கடன் சங்கம் ஒன்றில் கார் கடன் வாங்கியிருந்தார். பழைய நோட்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அதுவும் நடக்கிறது, அது எங்கள் தெருவுக்கு என்றார்.